வாப்பா கூட்டி வந்த சாட்சிகள்

வாப்பா உம்மாவுக்கு அடிக்கும் சத்தத்தை வைத்தே, அடி கையாலா பெல்ட்டாலா என்று நானும் நானாவும், அதுதான் என் அண்ணனும், சரியாகச் சொல்லிவிடுவோம். கை என்றால் உம்மா "அல்லாவே" என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லுவார். பெல்ட் என்றால் உம்மாவின் சத்தமே வராது, பெல்ட்டின் சத்தம் மட்டும் கேட்கும். அது வாப்பாவின் லொறியில் ஓடித் தேய்ந்துபோன என்ஜின் பெல்ட். கழற்றி எறிய வேண்டியதை வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரிக்குப் பின்னால் ஆணியில் கொழுவி வைத்திருந்தார். எங்கள் வீட்டில் கத்தரிக்கோலைத் தேடுவோம், கதவுத் திறப்பைத் தேடுவோம். பெல்ட்டை மட்டும் ஒரு நாளும் யாரும் தேடியதில்லை.

அடித்து முடிய வாப்பா எப்போதும் ஒரே வசனத்தைத்தான் சொல்லுவார். "தலாக் செல்லிட்டுப் போய்டுவன். தெருவுல நிப்பாய், அகதி."

உம்மா மன்னாரில் பிறந்தவர். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து துரத்தியபோது, பள்ளிக்கூடம் போகிற வயதில், உடுத்த உடுப்போடு கல்பிட்டிக் கரையில் வந்து இறங்கியவர். வாப்பா இந்த ஊர்க்காரர். கலியாணம் கட்டி முப்பது வருடமாகியும் அவருக்கு உம்மா அகதிதான். ஆனால் நாங்கள் குடியிருந்த வீடு உம்மாவுடையது. உம்மாவின் வாப்பா முகாமில் கிடந்து, வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குக் கொத்தி, மகளுக்கென்று கட்டிய வீடு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து ஏறுவார். அப்படி வந்து ஏறிய மனிதர் வீட்டுக்காரியைப் பார்த்து "தெருவுல நிப்பாய்" என்கிறார்.

கடைசிச் சண்டை ஒரு மத்தியானச் சாப்பாட்டில் வந்தது. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, கல்பிட்டியில் ஒரு பாமசியில், மருந்துக் கடையில், வேலை. நானாவுக்கு இருபத்தெட்டு. கலியாணம் முடித்து, புத்தளம் டவுனில் மனைவியின் வீட்டில் இருந்தார். மீன் ஆணத்தில், அதாவது குழம்பில், புளி கூடிவிட்டதாம். வாப்பா ஆணச் சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தார். சட்டித் துண்டொன்று தெறித்து உம்மாவின் புருவத்தைக் கிழித்தது. இரத்தமும் ஆணமும் கலந்து உம்மாவின் கன்னத்தால் வழிய, வாப்பா வழக்கமான வசனத்தைச் சொன்னார்.

உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, "செல்லுங்க" என்றார். வாப்பாவுக்கு விளங்கவில்லை. "என்னத்த?" என்று கேட்டார்.

"தலாக்கத்தான். செல்லுங்க எண்டு செல்றன். முப்பது வருசமா இதையே செல்லிச் செல்லி எனக்குக் காது புளிச்சுப் போச்சு. காதியார்ட்டப் போய் செல்லுங்க. நானும் கூட வாறன்."

வாப்பா உம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "நீயா படிச்சுக் குடுத்தது?" என்று கேட்டுக்கொண்டே எனக்கு ஒன்று வைத்தார். சத்தியமாக நான் ஒன்றும் படித்துக் கொடுக்கவில்லை. கன்னம் எரிய எரிய உள்ளுக்குள் சிரித்தேன்.

காதியார் என்றால் எங்கள் கலியாண வழக்குகளைப் பார்க்கும் நீதவான். நல்ல மனிதர். இருவரையும் இரண்டு தரம் கூப்பிட்டு வைத்துப் பேசினார். "வயசு போன நேரத்துல இது தேவையா? மகள்ட கலியாணமும் வருது" என்றார். உம்மா முகத்திரையை விலக்கிப் புருவத்தைக் காட்டினார். காதியார் அதற்குப் பிறகு உம்மாவிடம் பொறுமையைப் பற்றிப் பேசவில்லை. வாப்பா மட்டும், உம்மா கடைசி நேரத்தில் காலில் விழுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். உம்மா விழவில்லை. வீம்பு பிடித்த மனிதர், சொன்னதைச் செய்யாமல் எழும்பினால் மானம் போய்விடுமே என்று ஒரு தலாக்கைச் சொன்னார்.

இங்கே ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. எங்கள் வழக்கத்தில் ஒரு புருசனுக்கு மூன்று தலாக் உண்டு. ஒன்றைச் சொன்னால் மனைவி மூன்று மாதம் இத்தா இருக்க வேண்டும், அதாவது பிற ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்த மூன்று மாதத்துக்குள் புருசன் மனம் மாறி, "மீட்டிக்கொண்டேன்" என்று சாட்சிகளின் முன்னால் சொன்னால் போதும். அவள் திரும்பவும் மனைவி. அவளிடம் கேட்க வேண்டியதில்லை. இத்தா முடியும்வரை அவர் வாயைத் திறக்காவிட்டால் அவள் விடுதலை. மூன்று தலாக்கும் முடிந்துவிட்டாலோ பிறகு மீட்கவே முடியாது. ஆக உம்மாவின் மிச்ச வாழ்க்கை முழுவதும் அந்த மூன்று மாதத்தில், வாப்பாவின் வாயில், தொங்கிக்கொண்டு நின்றது.

காதியாரிடமிருந்து வந்த அன்று வாப்பா எப்போதும் போல லொறியை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே வந்து கதிரையில் சாய்ந்து, "தேத்தண்ணி ஊத்து" என்றார்.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"என்னடி யாருக்கு? உன்ட வாப்பாவுக்கு."

"வாப்பா, இது உம்மாட வீடு. காதியார் உங்களப் போய் வேற எடத்துல இருக்கச் செல்லித்தானே அனுப்பினார்?"

அப்போதுதான் வாப்பாவுக்கு உறைத்தது. முப்பது வருடம் தலாக் தலாக் என்று பயம் காட்டிய மனிதர், தலாக் சொன்னால் வீட்டைவிட்டுப் போக வேண்டியது தான்தான் என்பதை ஒரு நாள்கூட யோசித்துப் பார்க்கவில்லை. எழும்பிப் போகிற போக்கில் கண்ணாடி அலுமாரிக்கு ஓர் உதை விட்டார். உம்மாவின் பீங்கான் கோப்பைகள் எல்லாம் சரிந்து விழுந்தன. உடுக்க இரண்டு சாரத்தையும் துடைக்க ஒரு துவாயையும் பையில் திணித்துக்கொண்டு நானாவின் மனைவி வீட்டுக்குப் போனார். பெல்ட்டை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் நான் வட்டிலப்பம் அவித்தேன், பெருநாளைக்குச் செய்கிற இனிப்பு. ஏன் பொய் சொல்ல வேண்டும், பெருநாள் மாதிரித்தான் இருந்தது எனக்கு. பதினொரு மணியளவில் நானா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மேசையில் வட்டிலப்பத்தைப் பார்த்தார்.

"என்ன இது?"

"வட்டிலப்பம். சாப்பிடுங்க நானா."

"உம்மாவும் வாப்பாவும் பிரிஞ்சதுக்கு வட்டிலப்பமா? மனிசியா நீ?" என்று தட்டோடு தூக்கி எறிந்தார். அது கூரை மரத்தில் பட்டு என் தலையில் விழுந்தது. கூந்தலெல்லாம் கருப்பட்டிப் பாகு. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிற சாதி. பக்கத்திலிருந்த, வீடு கூட்டுகிற தும்புத்தடியை எடுத்து நானாவின் முதுகில் போட்டேன். அவர் என் கையை முறுக்கினார். நான் அவர் காலை மிதித்தேன். இருபத்தெட்டும் இருபத்தைந்தும் வயதான இரண்டு எருமைகள் சமைக்கிற குசினிக்குள் கட்டிப் புரண்டோம். உம்மா அறைக்குள்ளிருந்து, "அடிபடாதீங்க, இந்த வீட்டுல இனி யாரும் அடிபடாதீங்க" என்று கத்தினார். அந்தச் சத்தத்துக்குத்தான் விட்டோம்.

பக்கத்து வீட்டுக்காரர்கள், "வளந்த புள்ளைகள் தானே, அவங்களுக்கு என்ன" என்று கதைத்தார்கள். அடி செருப்பால! வளர்ந்த பிள்ளைகளுக்கு என்ன என்று என் நானாவைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு வாப்பாவான மனிதர், குசினி நிலத்தில் இருந்துகொண்டு, "நான் இனி பெருநாளைக்கு எந்த வீட்டுக்கு வாற?" என்று மூக்கைச் சிந்தினார்.

அவருக்கு வேறு கரைச்சலும் இருந்தது. மாமியார் வீட்டில் குடியிருக்கிற மாப்பிள்ளை, தன் வாப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே வைத்தால் எந்த மாமியார் பொறுப்பார்? அதிலும் வாப்பா போய் முதல் கிழமையிலேயே அங்கேயும் சோற்றுத் தட்டை எறிந்திருந்தார். மச்சி, அதுதான் நானாவின் மனைவி, முற்றத்தில் நின்று தெருவுக்கே கேட்க, "எங்கட வீட்டுத் தட்ட ஒடைக்க இவர் யாரு? அவர அனுப்புங்க, இல்லாட்டி நீங்களும் சேந்து போங்க" என்று சொல்லியிருக்கிறார். நானா மச்சிக்கு அறைந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவை. மச்சி அன்றே போன் எடுத்து என்னிடம் சொல்லி அழுதார். "ஒங்கட வாப்பாட நோய் இவருக்கும் தொத்திட்டு" என்றார்.

அந்த நேரத்தில் என் கலியாணம் பேசி முடித்து இருந்தது. மாப்பிள்ளைக்கு நுரைச்சோலை மின் நிலையத்தில் வேலை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே பிடித்திருந்தது. போன் எடுத்தால், "பாமசிக்கார மேடம், கோவத்துக்குக் குளிசை ஈக்கிதா? எனக்கில்ல, ஒங்களுக்கு" என்று நக்கலடிப்பார். என்னைக் கோபக்காரி என்று தெரிந்தும் சிரித்துக்கொண்டு வந்த ஒரே மனிதர் அவர்தான்.

ஆனால் எங்கள் கலியாணத்தில் பெண்ணைக் கைபிடித்துக் கொடுக்க வாப்பா வேண்டும். வலிகாரர் என்போம். வாப்பா உயிரோடு இருக்க வேறு ஆளை நிறுத்துவது லேசான காரியமில்லை. வாப்பா அதைப் பிடித்துக்கொண்டார். நானாதான் வந்து சொன்னார்.

"வாப்பா வலிகாரரா வந்து நிக்க மாட்டாராம். உம்மா அவர வாங்க எண்டு கூப்புடணுமாம். உம்மாட வாயால செல்லணுமாம். செல்லினாத்தான் மீட்டுவாராம், மீட்டினாத்தான் ஒன்ட கலியாணம்."

வாப்பாவின் வீம்பு எங்களுக்கு உதவியது என்றே நினைத்தேன். அவர் சாட்சிகளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் உம்மா கெஞ்ச வேண்டும் என்று காத்திருந்தார். இத்தாவும் மெல்ல மெல்லக் கழிந்துகொண்டிருந்தது.

உம்மா இதையெல்லாம் அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டு இருந்தார். நானா போன பிறகு என்னைக் கூப்பிட்டு என் கையைப் பிடித்தார்.

"மகள், நீ என்ன கேட்டாலும் தாறன். இந்த வீடு உனக்குத்தான். என்ட தோடு உனக்குத்தான். வாங்க எண்டு அவரக் கூப்புடுங்க எண்டு மட்டும் கேட்டுடாத. நீ கேட்டா நான் கூப்புட்டுடுவன். அதுக்குத்தான் பயமா ஈக்கிது."

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று ஆசை இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் உம்மா அந்த நாட்களில் மத்தியான லுஹர் தொழுதுவிட்டுப் படுத்தால் இரண்டு கைகளையும் விரித்துப் போட்டுக்கொண்டு தூங்குவார். அதற்கு முன் நான் உம்மாவைத் தூக்கத்தில் பார்த்தபோதெல்லாம் ஒரு கை முகத்தின் மேல் இருக்கும். விரித்துக் கிடந்த அந்தக் கைகளைப் பார்த்த பிறகு எந்த வாயால் கேட்பது?

இத்தா முடிகிற கிழமை. நானா போன் எடுத்து, "மாப்பிள்ளைட மாமாமார் ரெண்டு பேர் பின்னேரம் அஸருக்குப் பொறகு வாறாங்க. கலியாணக் கதைக்குத்தான். தேத்தண்ணிக்குப் பாரு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு ஓடினேன், பிஸ்கட் வாங்கினேன், மீன் வைத்த மாலுபாண் வாங்கினேன். உம்மா இத்தாவில் இருப்பதால் உள் அறையில் திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு, "சீனி கூடாமப் பாரு, பெரிய ஆக்களுக்குச் சீனி வருத்தம் ஈக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு மாமாமாரும் திரீவீல் ஆட்டோவில் வந்தார்கள். மூத்தவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தவர், வெள்ளைத் தாடி. மற்றவருக்குச் சிலாபத்தில் தேங்காய் வியாபாரம். இருவரும் மரியாதையாக, தலையைக் குனிந்தபடி, முன் அறையில் கதிரைகளில் இருந்தார்கள். நானா அவர்களோடு இருந்தார், ஆனால் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணித் தட்டை எடுத்துக்கொண்டு வரும்போது வெளியே லொறிச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு என் முதுகுத்தோல் தானாகவே இறுகும், சின்ன வயதுப் பழக்கம்.

வாப்பா வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக, அத்தர் மணக்க, உள்ளே வந்தார். சலாம் சொன்னார். தன் பழைய கதிரையில் இருந்தார். நான் நானாவைப் பார்த்தேன். நானா நிலத்தைப் பார்த்தார்.

"கனக்கக் கதைக்கத் தேவல்ல" என்றார் வாப்பா. "நான் என்ட பொஞ்சாதிய மீட்டிக்கொண்டன். நீங்க ரெண்டு பேரும் இதுக்குச் சாட்சி."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள் இருவரும். பாவம், அவர்கள் மேல் பிழை இல்லை. உம்மாவுக்கும் சம்மதம் என்று நானா சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார். இத்தா முடிந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்றுதான் வாப்பாவும் வீம்பை விட்டிருக்கிறார். நானா எழும்பி வாப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மினார். மாமியாரின் வாயிலிருந்தும் மச்சியின் வாயிலிருந்தும் தப்பினேன் என்ற அழுகை அது. "இனி தங்கச்சிட கலியாணத்த ஜாம் ஜாமெண்டு செய்வம் வாப்பா" என்றார்.

நான் தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் ஓடினேன். உம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். திரும்பத் திரும்ப, சத்தம் வராமல், பல்லில் இரத்தம் தெரியும்வரை அடித்தார். நான் கையைப் பிடித்தேன். என்னைத் தள்ளிவிட்டார். பிறகு திடீரென்று நின்றார். முகத்தைத் துடைத்தார். முக்காட்டைக் கழுத்தடியில் இறுக்கி ஊசி குத்தினார். திரையை விலக்கிக்கொண்டு ஆண்களின் முன்னால் போய் நின்றார்.

இத்தாவில் இருக்கும் பெண் அப்படி வந்து நின்றதும் மாமாமார் இருவரும் சட்டென்று முகத்தைத் திருப்பினார்கள்.

"வந்திட்டீங்களா?" என்றார் உம்மா வாப்பாவைப் பார்த்து. குரல் மெதுவாகத்தான் இருந்தது. "எப்பிடி அகதி முகாம்? மகன்ட மாமியார் வீட்டுல மூணு நேரமும் சோறு போட்டாங்களா, இல்ல வரிசையில நிக்க வெச்சாங்களா?"

வாப்பா முதலில் சிரித்தார். ஆட்கள் இருக்கிறார்களே. "உள்ளுக்குப் போ" என்றார்.

"என்ட வீட்டுல என்ன உள்ளுக்குப் போ எண்டு செல்ல நீங்க யாரு? பெட்டியோட வந்த ஆம்புள, இப்ப பெட்டியும் இல்லாம வந்து நிக்கிறீங்க. எங்கட வாப்பா முகாமுல கெடந்தும் ஒருத்தர்ட வாசல்ல போய் இப்பிடி நிண்டதில்ல."

வாப்பா எழும்பினார். சின்ன வயதில் போல நான் அடியை எண்ணவும் இல்லை, கண்ணை மூடவும் இல்லை. புறங்கையால் அடித்த அடியில் உம்மா மேசையோடு போய் மோதி, தேத்தண்ணிக் கோப்பைகள் சிதறின. சுடுதண்ணீர் என் காலில் கொட்டியது. தேங்காய் வியாபாரி "யா அல்லாஹ்" என்று எழும்பினார். மூத்தவர் வாப்பாவின் தோளைப் பிடித்தார். வாப்பா அவரை உதறிவிட்டார், கிழவர் கதிரையோடு சரிந்தார். நானா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். சின்ன வயதில் எப்படி நிற்பாரோ அப்படியே.

உம்மா மேசையைப் பிடித்து எழும்பினார். உதடு கிழிந்து நாடி எல்லாம் இரத்தம்.

"இவ்வளவுதானா? கை தளந்து போச்சு. வயசாயிட்டு ஒங்களுக்கு. பெல்ட் அங்கதான் தொங்குது, எடுத்துட்டு வாங்க. இந்தப் பெரிய மனிசர்மாரும் பாக்கட்டும்."

வாப்பா உம்மாவின் முக்காட்டோடு கூந்தலைப் பிடித்துத் தலையைச் சுவரில் அடித்தார். ஒரு தரம். இன்னொரு தரம். நான் வாப்பாவின் முதுகில் ஏறிக் கழுத்தைப் பிடித்தேன், போட்டிருந்த சேட்டு கிழிந்தது, ஆள் அசையவில்லை. உம்மா சுவரில் நசுங்கிய முகத்தோடு கதைத்துக்கொண்டே இருந்தார்.

"தலாக் செல்லின வாயாலயே திரும்பி வந்திட்டீங்களே. வெக்கமா இல்லயா? ஆம்புளட சொல்லா அது? முப்பது வருசமா நான் பயந்தது இந்தச் சொல்லுக்கா? சொல்லு நிக்காத ஆம்புள நீங்க. செல்லவும் தெரியாது, செல்லிட்டு நிக்கவும் தெரியாது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாப்பாவுக்கு எதைச் சொன்னால் கோபம் வராது என்று முப்பது வருடம் தேடித் தேடி நடந்தவர் உம்மா. எதைச் சொன்னால் தலை கழன்று போகும் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? உம்மாவுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. மீட்டுவதற்கென்று வாப்பா கூட்டி வந்த அதே இரண்டு சாட்சிகளின் முன்னால், மிச்சத் தலாக்கையும் வாப்பாவின் வாயிலிருந்து அடி வாங்கி வாங்கிப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்.

வாப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. "தலா—"

சுவரோடு நின்ற நானா பாய்ந்து வந்தார். வாப்பாவின் வாயை இரண்டு கையாலும் பொத்தினார். "வேணாம் வாப்பா! செல்லிடாதீங்க வாப்பா! அல்லாவுக்காக!" வாப்பா தலையை ஆட்டினார், உறுமினார், நானாவின் கையைக் கடித்தார். இரத்தம் வந்தும் நானா விடவில்லை.

நான் வாப்பாவின் முதுகிலிருந்து இறங்கினேன். மாப்பிள்ளையின் மாமாமார் இருவரும் அங்கேதான் நிற்கிறார்கள். ஒருவர் கீழே விழுந்த தொப்பியைக் கையில் வைத்திருந்தார். நானாவின் கை அப்படியே இருந்தால் எனக்குக் கலியாணம். உம்மா சுவரோடு கிடந்து, ஒரு கண் வீங்கி மூடிப்போக, மற்றக் கண்ணால் என்னைத்தான் பார்த்தார். எதையும் கேட்கவில்லை.

"கைய எடுடா!" என்றேன். நானாவை நான் 'டா' போட்டது அன்றைக்குத்தான். அவர் எடுக்கவில்லை. அவருடைய விரலைப் பிடித்துப் பின்னால் வளைத்தேன். முழங்கையால் விலாவில் குத்தினேன். அவர் அலறினார். கை கழன்றது.

"தலாக்! தலாக்! தலாக்! போ! போய்த் தொல!" வாப்பா தொண்டை கிழியக் கத்தினார். எச்சிலும் நானாவின் இரத்தமும் அவருடைய தாடியில் வழிந்தது.

வாப்பா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவருடைய முகத்தில் ஏறியது. கதிரையைத் தேடிப் போய் உட்கார்ந்தார்.

உம்மா கைகளை ஊன்றி எழும்பினார். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்றார். மாமாமார் பக்கம் திரும்பி, "கேட்டீங்க தானே?" என்றார்.

மூத்தவர் நிலத்தைப் பார்த்தபடியே, "கேட்டம் தங்கச்சி" என்றார்.

"கோவத்துல செல்லிட்டன்" என்றார் வாப்பா.

"கோவம் இல்லாம ஒங்கட வாயால என்னதான் வந்திக்கிது?" என்று கிழவர் சீறினார். அவர் சீறுவார் என்று நான் நினைக்கவே இல்லை. "முன்னுக்கு ஒண்டு, இப்ப மூணு. ஒங்கட கையில இனி ஒண்டும் இல்ல. எழும்பி நடங்க. இந்தப் பொம்பளட வாசல்ல இனி உங்களக் கண்டா நானே பொலிசுக்குப் போவன்."

காதியாரும் பிறகு அதையேதான் சொன்னார். மீட்ட முடியாது. உம்மா திரும்பவும் முதலிலிருந்து இத்தா இருக்க வேண்டி வந்தது. அறைக்குள் போகும்போது வீங்கின வாயால் சிரித்தார். "இருக்கச் செல்லுங்க, முப்பது வருசம் எண்டாலும் இருக்கிறன்" என்றார். ஆஸ்பத்திரியில், திரும்பவும் கிழிந்த புருவத்துக்கும் உதட்டுக்கும் தைத்தார்கள். ஒரு காது இப்போதும் உம்மாவுக்கு மந்தம்தான்.

என் கலியாணம் நின்றுபோனது. மாமாமார் எனக்காகப் பேசினார்களாம். மாப்பிள்ளையின் உம்மாதான், "பெத்த வாப்பாட முதுகுல ஏறின புள்ள என்ட வீட்டுக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை போன் எடுத்தார். நக்கல் எதுவும் இல்லை. "உம்மா விரும்புறா இல்ல" என்றார். "நீங்க?" என்று கேட்டேன். திரும்பவும் அதையே சொன்னார். போனைச் சுவரில் அடித்து உடைத்தேன். குப்புறக் கிடந்து தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். அவரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

சில கிழமைகள் கழித்து ஒரு காலையில் நானா வந்தார். வாப்பாவுக்கு டவுனில் ஓர் அறை எடுத்துக் கொடுத்துவிட்டார். மச்சியோடு சமாதானமாகிவிட்டாராம். கையில் பல் பட்ட இடம் சீழ் பிடித்து வீங்கியிருந்தது. மருந்து போடத்தான் வந்தேன் என்றார். நான் வாசற்படியில் இருந்துகொண்டு புண்ணைக் கழுவினேன். உம்மா உள்ளே அரிசி புடைக்கும் சத்தம் கேட்டது.

"நீ ஏன் என்ட கைய இழுத்தாய்?" என்று கேட்டார் நானா. "ஒன்ட கலியாணத்த நீயே ஒடச்சுக்கிட்டாய். உம்மாவும் வாப்பாவும் ஒண்டா இருந்திருப்பாங்க. ஒரு கை, தங்கச்சி. அந்த ஒரு கைய அப்பிடியே விட்டிருந்தா எல்லாம் சரியாகியிருக்கும்."

பஞ்சை வைத்து அழுத்தினேன். வேண்டுமென்றேதான் அழுத்தினேன். அவர் துடித்தார்.

"வாப்பா உம்மாட தலைய சுவருல அடிச்ச நேரம் நீங்க எங்க நிண்டீங்க?"

அவர் கையை இழுக்கப் பார்த்தார், நான் விடவில்லை.

"சுவரோட நிண்டீங்க. தலாக் எண்டு வாயத் தொறந்த ஒடனே பாஞ்சு வந்து வாயப் பொத்தினீங்க. ரத்தம் வந்தும் விடல்ல. அவ்வளவு பெலம் உங்களுக்கு ஈக்கிதெண்டு அண்டைக்குத்தான் எனக்குத் தெரியும். இத்தன வருசத்துல ஒரு நாளாவது அவர்ட கையப் புடிச்சீங்களா நானா?"

உள்ளே அரிசி புடைக்கும் சத்தம் நின்றது. நானா தங்கச்சியின் முன்னால் அழுகிறோமே என்ற வெட்கம்கூட இல்லாமல், முகத்தை மறைக்காமல், வாசற்படியில் இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் தேற்றவில்லை. கட்டைப் போட்டு முடித்துவிட்டு, நாளைக்கும் வந்து மருந்து மாற்றச் சொன்னேன்.